கடைசி பன்னிரண்டு பக்கம்

நேற்று மதியம் ஒரு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, பின்னால் பூட்டிக் கிடக்கிற கடையின் படியில் ஏறி உட்கார்ந்து போனில் இதை எழுத ஆரம்பித்தேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து முடித்தேன், அதனால் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும். எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் மேற்கேயிருந்து வருகிற மழையும் நமக்குத்தான், ஐப்பசி கார்த்திகையில் வருகிற துலாமழையும் நமக்குத்தான். வயல் வைத்திருப்பவனுக்கு அது கொடுப்பினை. நடைபாதையில் பழைய புத்தகம் விரித்துப் போட்டிருப்பவனுக்கு வருஷத்தில் நாலைந்து மாசம் பாதிக் கடை தார்ப்பாய்க்குள்தான் கிடக்கும்.

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து வேப்பமூடு போகிற வழியில் உட்கார்ந்திருக்கிறேன், 19 வருஷமாக. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பலகை, ஆறு பிளாஸ்டிக் கிரேட், மாலைப் பேப்பர் தொங்கவிட ஒரு கயிறு, துணி காயப்போடுகிற கிளிப் கொஞ்சம். ராத்திரி எல்லாவற்றையும் பக்கத்து லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டு, தெரிசனங்கோப்பு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்கிற ஆள் நான். அதற்கு மேலே பெரிதாக ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரி சிரிப்பாள், அது வேறு.

இந்த வாரம் ஒரு நாவல் கிடைத்தது. எட்டு வருஷத்துக்கு மேலாகத் தேடினது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் போணி. காலையில் பலகையை விரித்ததும் யார் முதலில் வாங்குகிறார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஒரு பயம் உண்டு. தோவாளையிலிருந்து பூ கொண்டு வந்து விற்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் வாரத்துக்கு ரெண்டு நாள் பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் பத்து ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டு போவாள். படம் பார்க்க. அவள் போணி செய்த நாளில் வியாபாரம் நடந்தே தீரும். இதை எழுதி வைத்துப் பார்த்தேன் ஒரு மாசம், கணக்காக. பாதிக்குப் பாதிதான் வந்தது. நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாளும் அவள் வருகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கணக்கு வேறு, கைராசி வேறு.

என்னிடம் வருகிற புத்தகம் எல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு வீட்டில் ஆள் போய்விட்டால் வரும். வீடு இடித்துக் கட்டினால் வரும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அப்பாவின் அலமாரியைக் காலி செய்ய வேண்டி வந்தால் வரும். நேராக என்னைக் கூப்பிட்டால் நல்ல விலை கொடுப்பேன், இல்லாவிட்டால் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்பும் பேப்பரும் எடைக்கு எடுக்கிற கடைக்குப் போய், அங்கேயிருந்து எடைக்கு எனக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுங்கான்கடை பக்கம் ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார்கள். சாரும் வாத்தியார்தான், விலங்கியல். அலமாரியைத் திறந்ததும் ராமபாணப் பூச்சி நாலைந்து ஓடின. நான் தராசை வெளியே எடுக்கவில்லை, சங்கடமாக இருந்தது. "தூக்கிப் பாரு தம்பி, அவரு கோவிக்க மாட்டாரு" என்றார்கள். 64 கிலோ. அன்றைக்கு எனக்குப் பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் நல்ல புத்தகம், செல்லரிக்காதது. அந்த அம்மா பணத்தை எண்ணாமல் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதை நினைத்தால் அதிர்ஷ்டம் என்கிற அந்த வார்த்தை இப்போதும் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

புத்தகத்துக்குள் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா. பஸ் டிக்கெட், காய்ந்த வேப்பிலை, பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணக் கடிதம், கேரளா லாட்டரிச் சீட்டு. ஒரு தடவை 500 ரூபாய் நோட்டு நாலு, ஒரு ஆங்கில அகராதிக்குள். எல்லாம் பழைய நோட்டு. 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று சொன்னார்களே, அந்த நோட்டு. யாரோ வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து மறந்திருக்கிறார்கள். எனக்கு வந்து சேரும்போது வெறும் காகிதம். அகராதியை 120 ரூபாய்க்கு விற்றேன்.

லாட்டரி என்றதும் கண்டக்டர் ஞாபகம் வருகிறது. ரிட்டையர்டு கண்டக்டர் ஒருவர் தினமும் பதினோரு மணிக்கு என் கடைக்கு வருவார். புத்தகம் வாங்க இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்ணைப் பார்த்து, அந்தக் கடைசி ரெண்டு எண்ணில் முடிகிற சீட்டாகப் பார்த்து எடுப்பார். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியோடு நின்றது. அதற்கு முன்னால் 1968-ல் அண்ணா காலத்தில் அரசாங்கமே தொடங்கி, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம் செய்து விற்றதுதான். இங்கே இப்போது விற்றால் போலீஸ் பிடிக்கும். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே 1967-லிருந்து அரசு லாட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது, தினமும் மூணு மணிக்குக் குலுக்கல். இவருக்கு பஸ் பாஸ் உண்டு. பாறசாலை வரைக்கும் போய் வருவது அவருக்கு ஒரு டியூட்டி மாதிரி.

"கைடு புஸ்தகம் வேண்டாம் வேய், பக்கம் நல்லா விழாது. பாட்டுப் புஸ்தகம் இருந்தா எடும்" என்பார். இவ்வளவு வருஷத்தில் அவருக்கு விழுந்தது ஒரே ஒரு தடவை 5,000 ரூபாய். 2022-ல் ஓணம் பம்பர் 25 கோடி திருவனந்தபுரத்தில் ஒரு ஆட்டோக்காரருக்கு அடித்தபோது கண்டக்டர் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே அந்த ஆட்டோக்காரர், கடன் கேட்டும் உதவி கேட்டும் ஆட்கள் வந்து வீட்டில் இருக்க முடியவில்லை, இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி பேசியது செய்தியில் வந்தது. பேப்பரை எடுத்துக் காட்டினேன். மனிதர் நம்பவில்லை. 2023-ல் அதே 25 கோடி திருப்பூர்க்காரர்கள் நாலு பேருக்கு, வாளையாரில் வாங்கின சீட்டுக்கு. அதுதான் அவரை ரொம்ப அடித்துப் போட்டது. "திருப்பூர்ல இருந்து வந்து எடுத்துட்டுப் போயிருக்கான். நம்ம முப்பது கிலோமீட்டர்ல இருந்து என்ன செய்தோம், சொல்லும்." என்னிடம் பதில் இல்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அதிர்ஷ்டத்தை அச்சடித்து விற்கிறவன் நானும்தான். பஞ்சாங்கம், ராசிபலன், எண் கணிதம், மனையடி. இதில் எனக்குப் பிடித்த கூத்து சனிப்பெயர்ச்சி. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். 2025-ல் கூட்டம் கூடிவிடக்கூடாதே என்று திருநள்ளாறு கோயிலிலேயே நாங்கள் வாக்கியப்படிதான் நடத்துகிறோம், இப்போது பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தார்கள், அது பேப்பரிலும் வந்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் என்னிடம் சின்னப் பலன் புத்தகம் அதிகம் போனது. ஒருத்தர் ரெண்டு வாங்கினார், எந்தக் கணக்கு தனக்கு நல்லதாகச் சொல்கிறதோ அதை வைத்துக்கொள்வாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் என் ராசிக்கு ரெண்டையும் பார்த்தேன். ஒன்றில் வயிற்றுக் கோளாறு, இன்னொன்றில் வாகன யோகம். பஸ்ஸில் சீட் கிடைத்ததைச் சொல்கிறார்களோ என்னவோ.

சரி, செய்திக்கு வருகிறேன். மாலைப் பேப்பர் விற்பதால் எந்தச் செய்தி எவ்வளவு ஓடும் என்பது கயிற்றில் தொங்கவிடும்போதே தெரிந்துவிடும். பேப்பரின் விலை ஒரு விசித்திரமான சமாச்சாரம். வந்த அன்றைக்கு அச்சிட்ட விலை. மறுநாள் காலையில் எடைக்கு. கிலோ பதினைந்து ரூபாய்க்குக் கடலை வறுக்கிறவர் வாங்கிக்கொண்டு போய் பொட்டலம் போடுவார். அப்புறம் அறுபது எழுபது வருஷம் எங்கேயாவது பரணில் கிடந்து தப்பித்துவிட்டால், ஒரே தாளுக்கு 500 ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு பெரியவர் 1956 நவம்பர் 1 பேப்பர் கேட்டு வருஷா வருஷம் வருவார். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்த நாள், இப்போதும் அன்றைக்கு எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்றைக்கு அவருடைய அப்பா ஊர்வலத்தில் போனாராம், படத்தில் இருக்கலாமாம். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பக்கத்துத் தேதிகள் கிடைத்தன. வேண்டாம் என்றார்.

பேப்பரில் கண்ணால் படித்தும் நம்பாமல் போய்க் கைசுட்டுக்கொண்ட கதையும் உண்டு. 2017-ல் பள்ளிக்கூடப் பாடத்திட்டம் மாறப் போகிறது என்று செய்தி வந்தது. 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம், மற்றது அடுத்து. நான் படித்தேன், என் கையாலேயே அந்தப் பேப்பரை விற்றேன். ஆனால் நம் ஊரில் எது சொன்ன தேதியில் நடந்திருக்கிறது என்று ஒரு தைரியம். அந்த வருஷம் ஒரு டியூஷன் சென்டர் மூடினபோது பதினோராம் வகுப்பு கைடு மட்டும் நூறு கிலோவுக்கு மேல் வாங்கிப் போட்டேன். சொன்ன தேதியில் நடந்தது. கைடு அத்தனையும் கடலைக்காரருக்குப் போனது. வேதியியல் சமன்பாட்டில் கடலை தின்றது நாகர்கோவில்.

இதில் வேடிக்கை, கைடுகளோடு பழைய சமச்சீர்ப் பாடப்புத்தகமும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதையும் எடைக்குப் போட்டிருப்பேன், ஆள் வந்து தூக்க நேரமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே விட்டு வைத்தேன். சோம்பேறித்தனம்தான், திட்டம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் கழித்து குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து, "அண்ணாச்சி, பழைய சமச்சீர் ஆறாங்கிளாஸ்ல இருந்து பத்தாங்கிளாஸ் வர செட்டா இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதுப் புத்தகத்திலிருந்தும் கேள்வி வருகிறது, பழசிலிருந்தும் வருகிறது, பழசு கடையில் கிடைப்பதில்லை. தமிழும் சமூக அறிவியலும் அச்சிட்ட விலைக்கு மேலேயே போயின. அந்தக் காசில்தான் மூத்தவளுக்குக் காது குத்திய கடனை அடைத்தேன். முன்யோசனைக்காரன் என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை.

இப்போது அந்தக் காலண்டர் தாள். சுங்கான்கடை சாருடைய புத்தகங்களைத் துடைத்து அடுக்கும்போது, ஒரு பழைய பாடப்புத்தகத்தின் நடுவிலிருந்து விழுந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேதி சிவப்பில், பெரிதாக 26. மேலே டிசம்பர் 2004. தாரண வருடம், மார்கழி 11, பௌர்ணமி. அடியில் பொடி எழுத்தில் ராசிக்கு ஒரு வார்த்தையாக பலன். மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்குப் பயணம், மிதுனத்துக்கு சுகம், கடகத்துக்குப் புகழ் என்று வரிசையாகப் போகிறது. பன்னிரண்டு ராசியில் கெட்டதாக இருந்தது ஒரே ஒரு வார்த்தை, விருச்சிகத்துக்கு 'அலைச்சல்'.

ராகு காலம் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் அதுதான். அலை வந்தது காலையில், பத்து மணியை ஒட்டி. எந்தக் கெட்ட நேரத்திலும் சேராத நேரம். குளச்சலும் மணக்குடியும் என்ன ஆயிற்று என்று இந்த மாவட்டத்துக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மணக்குடிப் பாலமே போய்விட்டது. அதே நேரம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போயிருந்த நூற்றுக்கணக்கான பேர் கடலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். கரையில் நின்றவர்கள் போனார்கள், கடலுக்குள் நின்றவர்கள் பிழைத்தார்கள். இதை எந்தப் பஞ்சாங்கத்தில் போடுவது.

தாளைத் திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் பால் கணக்கு. நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர், 26 நாளைக்கு இவ்வளவு, முன்பணம் கழித்து மீதி இவ்வளவு. சாருடைய எழுத்தாகத்தான் இருக்கும், ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினசரிக் காலண்டரில் எங்கள் வீட்டில் எப்போதும் மறுநாள் காலையில்தான் முந்தின நாள் தாளைக் கிழிப்போம். அப்படியென்றால் இந்தத் தாளை 27-ஆம் தேதி காலையில் யாரோ கிழித்திருக்கிறார்கள். பேப்பர் முழுக்க அந்தச் செய்தியாக இருந்த காலையில், ஒரு வீட்டில் ஒருத்தர் எழுந்து, தாளைக் கிழித்து, பால்காரருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். கடலிலிருந்து அந்த வீடு தூரம். அவ்வளவுதான் காரணம்.

தாளை நான் விற்கவில்லை. என் டைரிக்குள் இருக்கிறது.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. முந்தின ராத்திரியே மழை, காலையில் காற்று. ரப்பரும் வாழையும் சாய்ந்து, ரோட்டில் மரம் விழுந்து, மாவட்டமே இருட்டில் கிடந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. டிவி இல்லை, போன் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. அந்த வாரம் சேதி தெரிய வேண்டுமென்றால் பேப்பர்தான். என் புத்தகத்தில் ரெண்டு கிரேட் நனைந்து கூழாகிவிட்டது, ஆனால் பேப்பர் கட்டைப் பிரிக்க விடவில்லை ஜனங்கள். கையிலிருந்து பிடுங்கினார்கள். அப்போதெல்லாம் காணாமல் போனவர்கள் எண்ணிக்கை தினம் ஒன்று வரும், காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று. கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து வாங்கி, நின்ற இடத்திலேயே பெயர்ப் பட்டியலை விரலை வைத்துப் படித்தார்கள். ஒரு வாரத்தில் மூணு மாசத்துப் பேப்பர் விற்றேன். வீட்டில் காசை எண்ணும்போது அவள் சொன்னாள், "ஊருக்குக் கெட்ட காலம் வந்தாத்தான் ஒங்களுக்கு நல்ல காலம்போல." குத்திக் காட்டவில்லை, சும்மா சொன்னதுதான். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதற்கப்புறம் எண்ண முடியாமல் டப்பாவில் போட்டு மூடினேன்.

அந்தப் பட்டியலில் நான் தேடினது ஒரு ஆளை. பெயர் தெரியாத ஆளைப் பெயர்ப் பட்டியலில் எப்படித் தேடுவது.

அவர் சின்னத்துறைக்காரர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பெயர் போனவர்கள், சுறாவும் சூரையும் பிடிக்கக் கொச்சியிலிருந்து புறப்பட்டால் கரை திரும்ப வாரக்கணக்காகும். மூன்று நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து திரும்பும்போது வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என்னிடம் நிற்பார். மாத நாவல்தான் கேட்பார், கொலைக் கதை. எடுக்கும்போது கதையைப் பார்க்க மாட்டார், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "நடுக்கடல்ல வச்சு முடிவு இல்லன்னா பைத்தியம் பிடிச்சிரும் அண்ணே." இருபது புத்தகத்துக்கு நூறு ரூபாய். ஒரு பாலிதீன் பையில் போட்டு, வாயை ரப்பர் பேண்டு வைத்துக் கட்டிக் கொடுப்பேன்.

அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில் அப்படி வாங்கிக்கொண்டு போனவர்தான். டிசம்பர் போனது, கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். இளைத்திருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "சாயா குடிக்கியளா" என்றேன். குடித்தோம். அவராகச் சொன்னார். அவர்களுடைய போட்டு, மீன்பிடிப் படகு, வடக்கே போயிருந்ததாம். வயர்லெஸ்ஸில் கரையிலிருந்து பேச எட்டாது, போட்டிலிருந்து போட்டுக்குத்தான் வாய்வழியாக ஒன்றை ஒன்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அப்படிக் கைமாறிக் கைமாறி ஒரு குரல் வந்திருக்கிறது, காற்று வருது, கரைக்கு ஓடுங்கடா என்று. இவர்கள் மகாராஷ்டிரா கரைக்குப் போய் ஒதுங்கினார்கள். நிறையப் போட்டுகள் அப்படி ஒதுங்கின, லட்சத்தீவிலும் ஒதுங்கின, பேப்பரில் வந்தது.

"எங்களுக்கு சேதி வந்துச்சு. எங்களுக்குத் தெக்க நின்ன போட்டுக்கு வரல்ல" என்றார். அந்த நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களோ, செட் ரிப்பேரோ, யாருக்குத் தெரியும்.

நான் பேப்பர் விற்கிறவன். சேதி என்றால் காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு, கயிற்றில் தொங்கும், இஷ்டப்பட்டால் வாங்கலாம், இல்லாவிட்டால் மறுநாள் கடலைப் பொட்டலத்தில் படித்துக்கொள்ளலாம் என்றுதான் அதுவரைக்கும் எனக்கு. அது வந்து சேருவதும் சேராமல் போவதும் ஆள் இருப்பதும் இல்லாமல் போவதுமாக இருக்கும் என்பது எனக்கு அந்த சாயாக் கடை பெஞ்சில்தான் உறைத்தது. கண்டக்டர் குலுக்கல் குலுக்கல் என்கிறாரே, அது எங்கே நடக்கிறது என்று யோசித்துக்கொண்டு கிளாஸை வைத்திருந்தேன், ஆறிப் போனது.

புறப்படும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். புத்தகம் எல்லாம் தண்ணீர் ஏறி ஊதிப் போய்விட்டதாம், கடலிலேயே வீசிவிட்டார்களாம். காற்று எழும்பின நேரத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தது ஒரு நாவல், 84-ஆம் பக்கம் வரைக்கும் வந்துவிட்டார், மொத்தம் 96. பெயர் ஞாபகமில்லை. எழுதினவர் பெயரும் இல்லை. பச்சை அட்டை, பின்னால் ஊறுகாய் விளம்பரம், ஒரு டாக்டர் வீட்டில் கொலை. "யாரு கொன்னதுன்னு தெரியணும் அண்ணே. கேக்க வெக்கமா இருக்கு. செத்துப் பிழைச்சு வந்தவன் கேக்கற கேள்வியா இது. ஆனா ராத்திரி படுத்தா அதுதான் வருது."

தேடித் தருகிறேன் என்றேன். மாத நாவலை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, அதுதான் சிக்கல். அப்புறம் அவர் வரும்போதெல்லாம் கேட்பார், நான் இல்லை என்பேன், அவர் வேறு இருபது எடுத்துக்கொண்டு போவார். பச்சை அட்டையாகக் காட்டினதெல்லாம் அது இல்லை. நடுவில் கொரோனா, எல்லையை அடைத்தார்கள், ரெண்டு வருஷம் ஆளைக் காணோம். மறுபடி வந்தார். போன வருஷம் வரவில்லை.

இந்த திங்கள்கிழமை கோட்டாறு பக்கம் ஒரு ஆக்கர் கடையில் மூட்டையைக் கவிழ்த்துப் பார்க்கும்போது, இரும்புக் கட்டிலுக்குக் கீழே சரிந்து விழுந்தது. பச்சை அட்டை. பின்னால் ஊறுகாய் ஜாடி. முதல் பக்கத்திலேயே டாக்டர் வீடு. கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன், அவரைப் போலவே. 96 இருந்தது. ஆக்கர்காரர் எடை போடக்கூட இல்லை, சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பஸ்ஸில் படித்தேன். படிக்கக்கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது, தெரிசனங்கோப்பு வரைக்கும் நேரம் போக வேண்டாமா. உண்மையைச் சொன்னால் முடிவு ஒன்றுமில்லை. இருபதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கம்பவுண்டர்தான். இதற்காகவா இந்த மனிதர் எட்டு வருஷம் ராத்திரி முழித்தார் என்று இருந்தது. அவருக்கும் அந்த 84 பக்கத்தில் தெரிந்திருக்கும், உறுதியாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

பாலிதீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, பலகைக்கு அடியில் டைரியோடு வைத்திருக்கிறேன். ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரைக்கும் மேற்குக் கடற்கரையில் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில்தான் கிடக்கும், ஆட்கள் ஊருக்கு வருவார்கள். அவரும் வரலாம்.

நேற்று மழை விட்டதும் ஒரு பையன் வந்தான், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். பேச்சு அரபி கற்றுக்கொள்கிற சின்னப் புத்தகம் கேட்டான், மஸ்கட்டுக்கு விசா வந்திருக்கிறதாம். எந்த ஊர் மக்கா என்றேன். சின்னத்துறை என்றான். எனக்குக் கை பரபரத்தது. உங்கள் ஊரில் ஒருத்தர், நாற்பத்தைந்து ஐம்பது வயது, கொஞ்சம் ஒல்லி, கொச்சியிலிருந்து போட்டுக்குப் போகிறவர், ஒக்கியில் மகாராஷ்டிராவில் ஒதுங்கினவர், தெரியுமா என்று கேட்டேன்.

"பேரு என்னண்ணே?"

"பேரு தெரியாது. நாவல் படிப்பாரு. கொலைக் கதை."

பையன் சிரித்துவிட்டான். "அண்ணே, எங்க ஊர்ல போட்டுக்குப் போற எல்லாரும் அதத்தான் படிக்காங்க."

அரபிப் புத்தகத்துக்கு முப்பது ரூபாய் சொன்னேன், இருபது கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்.